கதைதானே என்கிறார்கள்!

தோழா,

"கதைதானே!" என்று ஒரு சொல்லால் வாயடைக்கும் வித்தை ஆளவந்தார்க்கு எந்நாளும் கைவந்த கலை. பஞ்சத்தைப் பாடினால் கவிஞனின் மிகை என்பர். சாதிக் கொடுமையை மேடையேற்றினால் நாடகக்காரனின் கற்பனை என்பர். அணு உலை உருகினால் ஊர் என்னாகும் என்று எழுதினாலோ பீதி வியாபாரம் என்று பெயர் சூட்டி, எழுதியவனைக் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்திவிடுவர். உலையைக் கட்டியவன் சாட்சி. உலையைப் பற்றி எழுதியவன் எதிரி!

சென்ற திங்கள் மேட்டுப்பாளையத்தில் பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். நீலகிரி அடிவாரத்து மேட்டுப்பாளையமன்று. நம் புதுவை நகரின் மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டையின் கொட்டகைகளும், வரிசையிட்டு நிற்கும் லாரிகளும், இரவு ஷிப்டுக்குப் போகும் மிதிவண்டிகளும் உள்ள ஊர். கூட்டம் கலைந்தபின் இளந்தொழிலாளி ஒருவன் என்னை நெருங்கினான். கையிலே அட்டை கிழிந்த ஆங்கில நாவல். காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில், பழைய புத்தகக் குவியலில் பொறுக்கியதாம். "அண்ணே, பாதி புரிஞ்சுது, பாதி புரியல. ஆனா தூக்கம் வரல. இது மாதிரி இங்கே நடக்குமா?" என்றான். அருகிலே நின்ற பெரியவர் ஒருவர், "கதைதானேடா!" என்று அவன் தோளைத் தட்டினார். அன்புடன் சொன்னார், பழுதில்லை. ஆனால் அந்தச் சொல் அவருடையதன்று. டில்லியிலும் பம்பாயிலும் வார்த்து, வானொலி வழியாகவும் செய்தித்தாள் வழியாகவும் அவர் நாவுக்கு வந்து சேர்ந்த சொல். அச்சொல்லோடுதான் இன்று எனக்கு வழக்கு.

அவன் கையிலிருந்த நாவல் 'புரோமீத்தியஸ் கிரைசிஸ்'. 1975-இல் தாமஸ் ஸ்கார்ட்டியா, பிராங்க் ராபின்சன் என்ற அமெரிக்கர் இருவர் சேர்ந்து எழுதியது. கலிபோர்னியக் கடற்கரையிலே உலகிலேயே பெரிய அணுமின் நிலையம். குறித்த நாளில் அதை ஓட்டியே தீரவேண்டுமென்ற அவசரம். பொறுப்பிலிருப்பவன் "இன்னும் காலம் கொடுங்கள்" என்று கெஞ்ச, மேலிடம் கேளாச் செவியாக இருக்க, முடிவில் உலை உருகி நச்சு மேகம் நகரை நோக்கி நகர்கிறது. இடையிடையே, எல்லாம் முடிந்தபின் நடக்கும் விசாரணைக் காட்சிகள். நாடகம் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த விசாரணைக் காட்சிகள்தாம் நூலின் உயிர். யார் யாருக்குத் தெரிந்திருந்தது, எப்போது தெரிந்திருந்தது, தெரிந்தும் யார் வாய் திறக்கவில்லை என்பதே கேள்வி. தீயையும் புகையையும்விட அந்தக் கேள்விதான் நெஞ்சைச் சுடுகிறது.

கதையாசிரியனை எள்ளி நகையாடுவோர் சிறிது வரலாற்றையும் புரட்டட்டும். அணுகுண்டு என்ற பெயரையே உலகுக்குத் தந்தவன் ஒரு கதையாசிரியன். எச்.ஜி. வெல்ஸ் 1914-இல் எழுதிய நாவலிலே அது வந்தது. அந்நாவலை 1932-இல் படித்த லியோ சிலார்டு என்ற அறிவியலறிஞன், அடுத்த ஆண்டே தொடர்வினை என்ற கருத்தைக் கண்டான்! அதுமட்டுமா? அணுமின் நிலைய விபத்தொன்றைக் காட்டும் 'சைனா சிண்ட்ரோம்' என்ற படம் அமெரிக்காவில் 1979 மார்ச் 16-ஆம் நாள் திரைக்கு வந்தது. மின்துறைப் பெரியோர் முகம் சுளித்தனர். மார்ச் 28-ஆம் நாள், பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்டு உலையின் உள்ளே எரிபொருள் உருகிற்று. இடையிலே இருந்தவை 12 நாட்கள். முகம் சுளிக்கவும் அவகாசம் போதவில்லை!

"அது அமெரிக்கா, நம் நாட்டில் அப்படியெல்லாம் இல்லை" என்பாய். சரி, நம் நாட்டுக்கே வருகிறேன். எவரும் நாவலாக எழுதாத ஒரு நாவலைச் சொல்கிறேன், கேள்.

1993 மார்ச் 31. உத்தரப்பிரதேசத்தில், கங்கைக் கரையில், நரோரா. விடியற்காலை மூன்றரை மணி. 220 மெகாவாட் உலையின் டர்பைனில் இரண்டு இதழ்கள் முறிந்து பறக்கின்றன. அசுர வேகத்தில் சுழலும் இயந்திரம் நிலைகுலைந்து குலுங்குகிறது. ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் வாயு பீறிட்டுத் தீப்பற்றுகிறது. எண்ணெயும் சேர்ந்து எரிகிறது. தீ கேபிள்களின் வழியே ஓடுகிறது. ஒன்று கெட்டால் மற்றொன்று கைகொடுக்கும் என்று ஏட்டிலே எழுதி வைத்த கேபிள்கள் ஒரே வழியில் போடப்பட்டிருந்தன. ஆகவே ஒன்றாகவே எரிந்தன! மின்சாரம் உண்டாக்கும் நிலையத்திலே மின்சாரம் இல்லை. கட்டுப்பாட்டு அறை புகையால் நிறைகிறது. உலையை நிறுத்தியாயிற்று, ஆனால் நிறுத்திய உலையும் வெப்பம் கக்கிக்கொண்டேயிருக்கும், அடுப்பை அணைத்த பின்னும் தணல் கனல்வது போல. அந்த வெப்பத்தை ஆற்றும் பம்புகளுக்கு உயிரில்லை.

அந்த இருளிலே ஊழியர் சிலர் கைவிளக்கேந்தி உலைக் கட்டடத்தின் மேலே ஏறினர். போரான் கலந்த திரவத்தை உலைக்குள் செலுத்தும் வால்வுகளைக் கையால் திருகித் திறந்தனர். தீயணைப்பதற்கென்று வைத்திருந்த டீசல் பம்புகளைக் கொண்டு நீராவிக் கலங்களுக்குத் தண்ணீர் ஊற்றினர். ஒரு மணியன்று, இரு மணியன்று. 17 மணி நேரம் அந்நிலையத்தில் மின்சாரம் இல்லை. கங்கைச் சமவெளியின் ஊர்கள் உறங்கி எழுந்து, பல் துலக்கி, பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தன.

அந்த டர்பைன் இதழ்களின் அமைப்பிலே குறையுண்டு, மாற்றுங்கள் என்று வடிவமைத்த நிறுவனமே 1989-இல் எச்சரித்திருந்தது. நான்காண்டுகள்! எச்சரிக்கை இருந்தது, மாற்றம் வரவில்லை. இதைச் சொன்னவன் நானல்லன். நம் நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு 1993 முதல் 1996 வரை தலைவராக இருந்த ஏ. கோபாலகிருஷ்ணன் பின்னாளில் எழுத்திலே பதித்த செய்தி. அமெரிக்க நாவலின் முதல் அத்தியாயமும் நரோராவின் முதல் அத்தியாயமும் ஒன்றாக இருப்பதைக் காண்கிறாயா? அங்கே கற்பனை, இங்கே கோப்பு.

ஆனால் நாவலிலே ஒரு பொய் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். நாவலில் கொடியவன் ஒருவன் இருப்பான். பேராசைக்காரன், சுருட்டுப் பிடிப்பவன், பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியும். நானும் என் நாடகங்களில் அப்படிச் சிலரைப் படைத்திருக்கிறேன், கைத்தட்டல் நிச்சயம் என்பதால். மெய்யான விபத்திலோ கொடியவனைத் தேடினால் கிடைக்கமாட்டான். கோப்பிலே 'பார்த்தேன்' என்று கையொப்பமிட்டவன் கிடைப்பான். 'அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம்' என்று எழுதியவன் கிடைப்பான். 'மக்கள் அறிய வேண்டியதில்லை' என்று முத்திரை குத்தியவன் கிடைப்பான். எல்லோரும் நல்லவர்கள், மாலையில் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிப் போகிறவர்கள்.

இனி நம் வாசலுக்கு வா. கல்பாக்கம்.

அங்கே 1984-இலும் 1986-இலும் வணிக உற்பத்தி தொடங்கிய மின் உலைகள் இரண்டு. அவற்றின் அருகே, எரிந்த எரிபொருளைக் கரைத்துப் பிரித்தெடுக்கும் மறுசெயலாக்க ஆலை. 2003 ஜனவரி 21-ஆம் நாள், அந்த ஆலையின் கழிவுத் தொட்டிப் பகுதியில் ஒரு வால்வு பழுதுபட்டது. கடுங்கதிர்வீச்சுக் கழிவு, குறைந்த கதிர்வீச்சுக் கழிவு மட்டுமே இருக்கவேண்டிய தொட்டிக்குள் புகுந்தது. மாதிரி எடுக்கச் சென்ற ஊழியர்க்கு அது தெரியாது. தெரிவிக்க அவ்விடத்தில் எச்சரிக்கைக் கருவி இல்லை. ஐந்தாண்டுகள் ஓடிய ஆலையில், அந்த மூலையில் ஒரு மணி கட்ட ஆளில்லை! ஆறு பேர் கதிர்வீச்சுக்கு ஆளாயினர். ஓராண்டுக்கு விதித்த வரம்பு 30 மில்லிசீவர்ட். அவர்கள் பெற்றதோ 280 முதல் 420 வரை.

அதன்பின் நடந்ததைக் கேள். ஊழியர் சங்கம் எழுதிற்று, பாதுகாப்பு அதிகாரியை நியமியுங்கள் என்றது, பதில் இல்லை, வேலைநிறுத்தம் செய்தது. நிர்வாகம் வால்வை மாற்றும் வேகத்தைவிட விரைவாகச் சங்கத்தாரை இடம் மாற்றிற்று. ஊழியர்கள் அளவுக்கு மீறிய ஆர்வத்தால் விதியை மறந்தனர் என்று பழியையும் அவர்கள் தலையிலேயே வைத்தது. செய்தி ஊரறிய வந்தபோது மாதம் ஜூலை. ஆறு மாதம்! ஆலையை நடத்திய பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநரே, இந்நாட்டு அணுத்துறை வரலாற்றில் ஊழியர் பெற்ற கதிர்வீச்சில் இதுவே மிக மோசமானது என்று அதன்பின்தான் ஒப்புக்கொண்டார். ஒழுங்குமுறை வாரியம் என்ன செய்தது என்று கேட்கிறாயா? அம்மையத்தின் ஆலைகளை வாரியத்தின் பார்வையிலிருந்து 2000-ஆம் ஆண்டிலேயே விலக்கிவிட்டிருந்தார்கள். காவலனை வீட்டுக்கனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். 1962-இல் இயற்றிய அணுசக்திச் சட்டமோ, எதையெல்லாம் இரகசியமென்று மறைக்கலாம் என்ற உரிமையை அவர்கள் கையிலேயே கொடுத்திருந்தது.

மறு ஆண்டு டிசம்பர் 26. அந்நாளை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புதுவைக் கடற்கரையும் காரைக்காலும் இன்றும் அந்நாளைச் சொல்லாமல் சொல்கின்றன. அன்று காலை கல்பாக்கத்தில் இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் இழுக்கும் சுரங்க வழியே வெள்ளம் புகுந்து பம்பு அறை மூழ்கிற்று. பணியிலிருந்தோர் உலையை நிறுத்தினர், நிறுத்திக் காத்தனர், அவர்களுக்கு என் தலை தாழ்ந்த வணக்கம். புதிய ஈனுலைக்கு அடித்தளம் தோண்டிய பள்ளம் கடலாயிற்று. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. ஆளவந்தார் சொன்னது என்ன தெரியுமா? பாருங்கள், சுனாமியையே தாங்கினோம்! தாங்கியது உண்மை. ஏழாண்டு கழியுமுன், 2011 மார்ச் 11-இல், ஜப்பானின் புகுஷிமாவில் தாங்கவில்லை என்பதும் உண்மை. அங்கே 15 மீட்டருக்கு மேல் அலை எழக்கூடுமென்று நிறுவனத்தின் சொந்தக் கணக்கே 2008-இல் சொல்லியிருந்தது. அந்தக் கணக்கும் கோப்புக்குள் உறங்கியது. மூன்று உலைகள் உருகின.

புகுஷிமாவில் ஜப்பானிய அரசு 20 கிலோமீட்டர் வட்டத்தைக் காலி செய்தது. அமெரிக்க அரசோ தன் குடிமக்களை 80 கிலோமீட்டருக்கு அப்பால் போகச் சொன்னது. காற்று எந்த வட்டத்தையும் மதிக்கவில்லை. பெரும்பகுதி 30 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த ஈத்தாத்தே என்னும் சிற்றூரைப் பிறகு காலி செய்ய நேர்ந்தது. நம் நாட்டிலோ நிலையத்துக்கு வெளியே அவசரகாலத் திட்டம் நெடுங்காலமாக 16 கிலோமீட்டர் வட்டத்துக்கே வரையப்பட்டு வந்தது. கல்பாக்கத்திலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் காக்கை பறக்கும் வழியில் தொலைவு எவ்வளவு? ஏறத்தாழ 80 கிலோமீட்டர். எந்தத் திசையில்? தென்மேற்கே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் கரைக்கு மழை கொண்டுவரும் காற்று எங்கிருந்து எங்கே வீசுகிறது? வடகிழக்கிலிருந்து தென்மேற்கே! தோழா, வரைபடத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்; உன் கையே நடுங்கும்.

நாளையே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நடக்கவே நடக்காது என்று சொல்பவனை நம்பாதே என்கிறேன். அவன் அறிவியல் பேசவில்லை, சோதிடம் பேசுகிறான்.

"அணுவைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி? கல்லூரியைப் பாதியிலே விட்டவன்தானே நீ?" என்று கேட்பார் உண்டு. ஆம், விட்டவன்தான். பௌதிகப் பாடப் புத்தகத்தில் பிற்பாதி இன்னும் என் வீட்டில் பிரிக்காமலே இருக்கிறது. ஆனால் அண்டை வீட்டில் வெடிமருந்து மூட்டை அடுக்குகிறவனைப் பார்த்து "எவ்வளவு அடுக்குகிறாய், தீ பிடித்தால் எனக்குச் சொல்வாயா?" என்று கேட்க எந்தப் பட்டம் வேண்டும்? ஈனுலையைக் குளிர்விப்பது திரவ சோடியம். ஆயிரம் டன்னுக்கு மேல். காற்றுப் பட்டால் எரியும். நீர் பட்டால் சீறும். இதைப் பள்ளி ஆய்வுக்கூடத்திலே அரிசியளவு துண்டை நீரிலிட்டுக் காட்டிய ஆசிரியரே எனக்குக் கற்பித்துவிட்டார்.

புதுவைக்காரனுக்கு இன்னொரு நினைவும் வரவேண்டும். 1954 நவம்பர் முதல் நாள் பிரஞ்சு ஆட்சி நம்மிடமிருந்து இறங்கிற்று. ஆறாண்டுக்குள், 1960 பிப்ரவரியில், பிரஞ்சு அரசு தன் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. எங்கே? பாரிசிலா? சகாரா பாலைவனத்தில், அல்ஜீரிய மக்களின் மண்ணில். பிறகு 1966 முதல் 1996 வரை பாலினேசியத் தீவுகளில் 193 முறை. அபாயம் எப்போதும் தலைநகரை விட்டுத் தள்ளியே குடியேறும். குரல் குறைந்தவன் வாசலிலே அடுப்பு மூட்டும். அதே பிரான்சின் ராப்சோடி உலையின் வடிவை ஒட்டித்தான் கல்பாக்கத்தின் சோதனை ஈனுலையும் எழுந்தது. 1985-இல் ஓடத் தொடங்கியது. நம் சுதேசி அரசும் இடம் தேடியபோது எங்கே தேடிற்று? கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும், வலை காயும் மணலில்!

கூடங்குளத்தைப் பற்றி நீட்டிப் பேச இங்கே இடமில்லை. இடிந்தகரைத் தாய்மார் கேட்டதும் இதே கேள்விதான். அவர்களுக்குக் கிடைத்த விடை, ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோகப் பிரிவில் வழக்கு. வழக்குகளைக் கைவிட நடவடிக்கை எடுங்கள் என்று 2013-இல் உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. அதே கூடங்குளத்தில் 2019-இல் கணினிக்குள் வைரஸ் புகுந்ததாகச் செய்தி வந்தது. அக்டோபர் 29-ஆம் நாள் நிலையம் மறுத்தது. 30-ஆம் நாள் அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அலுவலகக் கணினியில்தான், உலையைத் தொடவில்லை என்றது. தொடவில்லை என்பதையே ஏற்போம். ஆனால் இருபத்து நான்கு மணி நேரத்தில் சாயம் வெளுக்கும் மறுப்பை வெளியிடுகிறவன், நாளை பெரிதொன்று நேர்ந்தால் முதல் இருபத்து நான்கு மணி நேரம் என்ன சொல்வான்? செர்னோபிலை ஒட்டிய பிரிப்பியாத் நகர மக்கள் 1986 ஏப்ரலில் விபத்துக்குப் பின் ஏறத்தாழ 36 மணி நேரம் அங்கேயே இருந்தார்கள். குழந்தைகள் தெருவிலே விளையாடின.

"மின்சாரம் வேண்டாமா?" என்று மடக்குவர். வேண்டும். நிலக்கரிப் புகையில் மடிவோர் அணுவால் மடிவோரைவிட அதிகம் என்றும் கணக்குக் காட்டுவர். அக்கணக்கு மெய்யே, மறுக்கமாட்டேன். நெய்வேலியின் புகையை நாம் கண்ணால் காண்கிறோம், இருமுகிறோம், சண்டையிடுகிறோம். கதிர்வீச்சுக்கு நிறமில்லை, மணமில்லை. கருவி வைத்திருப்பவன் சொன்னால்தான் தெரியும். கருவி வைத்திருப்பவனே ஆறு மாதம் வாய் மூடினால்? ஆகவேதான் அணு உலைக்கு மற்ற ஆலைகளைவிட இரட்டிப்பு வெளிச்சம் தேவை. கிடைத்ததோ இரட்டிப்புத் திரை.

2025 டிசம்பரில் டில்லியில் புதிய சட்டம் வந்தது. பெயர் என்ன தெரியுமா? 'சாந்தி'! ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கோத்து அந்தப் பெயரை வரவழைத்தார்கள். நாடகக்காரனான எனக்கே பொறாமை. 1962-இன் சட்டமும் 2010-இன் இழப்பீட்டுச் சட்டமும் அதனால் நீங்கின. ஒழுங்குமுறை வாரியத்துக்குச் சட்டத்தின் தகுதி தந்தார்கள், நல்லது, வரவேற்கிறேன். ஆனால் தனியார் முதலாளிக்கு உலையின் கதவைத் திறந்தார்கள். பழுதான பொருள் தந்தவனிடம் இழப்பீடு கேட்கப் பழைய சட்டம் தந்திருந்த தனிப்பிரிவை எடுத்துவிட்டார்கள். மறைக்கும் அதிகாரத்தை மட்டும் மறக்காமல் அரசின் கையில் வைத்துக்கொண்டார்கள். அரசு நடத்தியபோதே ஆறு மாதம் மறைந்த செய்தி, பங்குச் சந்தை விலை பார்த்து நடத்துகிறவன் கையில் எத்தனை மாதம் மறையும்?

நான் கேட்பது உலையின் வரைபடத்தையன்று. அதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நியாய விலைக் கடை வாசலில் அரிசி இருப்பு எவ்வளவென்று பலகை எழுதிவைக்கும் அரசு, கல்பாக்கம் முதல் புதுவை வரையுள்ள ஊர்களில் அன்றன்றைய கதிர்வீச்சு அளவை எழுதிவைக்க முடியாதா? உலை மத்திய அரசினுடையது, நிலம் தமிழ்நாட்டினுடையது, காற்று வந்து சேரும் புதுவையோ தனி ஆட்சிப் பகுதி. மூன்று அரசுகளுக்கிடையே ஒரு தொலைபேசி மணி அடிக்க வேண்டும். விபத்து நேர்ந்த எத்தனை நிமிடத்தில் அது அடிக்கும்? இங்கே அதை எடுக்க வேண்டிய அதிகாரி யார்? தைராய்டைக் காக்கும் அயோடின் மாத்திரை புதுவையில் எந்த மருத்துவமனையில், எத்தனை பேருக்கு வைத்திருக்கிறது? கிழக்குக் கடற்கரைச் சாலை ஒன்றையே நம்பியிருக்கும் கடலோர ஊர்கள் எவ்வழியே வெளியேறும்? மேட்டுப்பாளையத்து இரவு ஷிப்டில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவிடுவது முதலாளியா, அரசா?

சட்டமன்றம் கூடும்போது நம் உறுப்பினர்கள் இக்கேள்விகளை எழுத்திலே கொடுக்கட்டும். விடையையும் எழுத்திலே கேட்கட்டும். "இது மத்திய அரசின் பொருள், இங்கே பதிலில்லை" என்று அமைச்சர் எழுந்து சொல்வாரேயானால், அந்த வாக்கியத்தை அப்படியே அச்சிட்டு, தொழிற்பேட்டை வாயிலில் ஷிப்டு மாறும் நேரத்தில் நாமே விநியோகிப்போம். துண்டறிக்கைக்கு வேண்டிய தாள் கழக அலுவலகத்தில் வந்து இறங்கிவிட்டது.